தண்டவாளம் இருக்கிறது, மின்கம்பி இருக்கிறது, வண்டி எங்கே?

காலை எட்டு மணிக்கு ஜீயபுரத்தில் நின்று கரூர் சாலையைப் பார்த்தால் போதும், மற்றதெல்லாம் விளங்கிவிடும். குளித்தலையிலிருந்து வரும் பேருந்து பெட்டவாய்த்தலையிலேயே நிறைந்துவிடுகிறது. ஜீயபுரம் வருவதற்குள் படிக்கட்டிலும் இடமில்லை. கல்லூரிப் பையன்கள் புத்தகப் பையைச் சன்னல் வழியாக உள்ளே உட்கார்ந்திருக்கும் யாரோ ஒரு அக்காவிடம் கொடுத்துவிட்டு, ஒற்றைக் காலை மட்டும் படியில் ஊன்றித் தொங்குகிறார்கள். "உள்ள போ, உள்ள போ" என்று நடத்துனர் விசிலை வாயில் வைத்துக்கொண்டே கத்துகிறார். உள்ளே போக வழி எங்கே இருக்கிறது? எதிரே மணல் லாரி, வாழைத்தார் ஏற்றிய மினி வேன், முக்கொம்புக்குச் சுற்றுலா வந்த வேன். சாலைக்குப் பக்கத்திலேயே, கூப்பிடு தூரத்தில், ஒரு ரயில் பாதை போகிறது. மேலே மின்கம்பி பளபளக்கிறது. அதில் அந்த நேரத்தில் பெரும்பாலும் ஒன்றும் வருவதில்லை.

இந்தச் சாலையை நினைத்தபடி அகலப்படுத்த முடியாது. பல இடங்களில் ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் பெட்டவாய்த்தலையில் பிரிந்து திருச்சிக்குள் நுழையும் சோழர் காலத்து உய்யக்கொண்டான் வாய்க்கால். இரண்டுக்கும் நடுவே கிடக்கும் குறுகலான மேட்டில்தான் ஊர், கோயில், வாழைத் தோட்டம், நெடுஞ்சாலை, ரயில் எல்லாம். முத்தரசநல்லூர், அல்லூர், ஜீயபுரம், திருப்பராய்த்துறை, பெருகமணி, பெட்டவாய்த்தலை என்று ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இந்த ஊர்களில், சாலை விபத்தில் ஒருவரையாவது இழக்காத தெருவைக் காண்பது அரிது. இவ்வளவு நெருக்கமான இடத்தில் ஆயிரம் பேரை ஒரே தடவையில் ஏற்றிக்கொண்டு போகக்கூடிய வழி ஒன்றுதான் உண்டு. அதை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே போட்டுவைத்துவிட்டார்கள்.

தென்னிந்தியாவின் மிகப் பழைய பாதைகளில் இதுவும் ஒன்று. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே கம்பெனி 1861-இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு வண்டி விட்டது. அடுத்த ஆண்டே திருச்சி. அங்கிருந்து காவிரியின் தென்கரையைப் பிடித்துக்கொண்டே கரூர் போய், 1868-இல் ஈரோட்டைத் தொட்டது. ஐப்பசி மாதத்துக்கு 'முதல் முழுக்கு திருப்பராய்த்துறை, கடை முழுக்கு மயிலாடுதுறை' என்று ஒரு வழக்கு இங்கே உண்டு. அந்த இரண்டு துறைகளுமே இன்று ஒரே ரயில் தடத்தில்தான் இருக்கின்றன. முதல் முழுக்குக்குப் போகிறவர்கள் எலமனூரில் இறங்கி நடப்பார்கள். பின்னால் தென்னிந்திய ரயில்வே கம்பெனி திருச்சியையே தலைமையிடமாக வைத்துக்கொண்டது. 1928-இல் பொன்மலைப் பணிமனை வந்தது. நாகப்பட்டினத்திலிருந்து பணிமனையோடு சேர்ந்து குடும்பம் குடும்பமாகத் தொழிலாளர்கள் இங்கே பெயர்ந்து வந்தார்கள். ரயிலே வளர்த்தெடுத்த ஊர் என்று தமிழ்நாட்டில் ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது திருச்சிதான். அந்த ஊரில் உள்ளூர்ப் பயணத்துக்கு ரயிலை நம்ப முடியவில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

திருச்சி ஜங்ஷனிலிருந்து ஐந்து திசைகளில் பாதை பிரிகிறது. வடக்கே பொன்மலை, டவுன், ஸ்ரீரங்கம், லால்குடி வழியாக அரியலூர், விழுப்புரம். கிழக்கே மஞ்சத்திடல், திருவெறும்பூர் வழியாகத் தஞ்சாவூர். தென்கிழக்கே புதுக்கோட்டை. தென்மேற்கே மணப்பாறை, திண்டுக்கல். மேற்கே பாலக்கரை, கோட்டை, முத்தரசநல்லூர், ஜீயபுரம், எலமனூர், குளித்தலை வழியாகக் கரூர். சென்னைக்கு அடுத்தபடியாக, நகரத்துக்குள்ளேயே இத்தனை நிலையங்களை வைத்திருக்கும் ஊர் தமிழ்நாட்டில் வேறு எது என்று யோசித்துப் பாருங்கள். சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கோட்டை நிலையம். பெல் தொழிற்சாலைக்குத் திருவெறும்பூர். அரங்கநாதரைச் சேவிக்க ஸ்ரீரங்கம். ஐந்தில் விழுப்புரம், தஞ்சாவூர், திண்டுக்கல் தடங்கள் மூன்றும் இரட்டைப் பாதை ஆகிவிட்டன. மேற்கே ஈரோடு வரை மின்மயமாக்கலும் முடிந்து ஆண்டுகள் ஆகின்றன. மேம்பாடு என்று பட்டியல் போட்டால் நிறையவே நடந்திருக்கிறது. காலையில் வேலைக்குப் போகிறவர்கள், மாலையில் வீடு திரும்புகிறவர்கள் எத்தனை வண்டியில் ஏற முடிகிறது என்று கேட்டால் மட்டும் பதில் வருவதில்லை.

கரூர் தடம் இன்னும் ஒற்றைப் பாதை. ஒரு வண்டி எதிரே வந்தால் இன்னொன்று ஏதாவது ஒரு நிலையத்தின் லூப் லைனில் ஒதுங்கி நின்றாக வேண்டும். யார் ஒதுங்குவது என்பதில் சந்தேகமே கிடையாது. முதலில் எக்ஸ்பிரஸ் போகும். சில நேரம் கூட்ஸ் வண்டிக்கும் வழி விடுவார்கள். கடைசியில்தான் பாசஞ்சர். நடைமேடையில் தினமும் கேட்கிற பேச்சு இது:

"அண்ணே, வண்டி எங்க வருது?"

"பெட்டவாய்த்தலையில போட்டுட்டான்யா. எதிர்க்க ஒண்ணு வரணுமாம்."

"போச்சு. எனக்கு ஒன்பது மணிக்குப் பஞ்ச் வைக்கணும்."

எல்லார் கையிலும் 'வேர் இஸ் மை டிரெயின்' செயலி. எல்லார் கண்ணும் அதில் நகராமல் நிற்கும் அந்தச் சின்னப் புள்ளியின் மேல். ஐந்து நிமிடம் பார்ப்பார்கள், பத்து நிமிடம் பார்ப்பார்கள். பிறகு ஒருவர் செருப்பைச் சரிசெய்துகொண்டு சாலைப் பக்கம் நடப்பார், பின்னாலேயே நாலு பேர். ரயில்வேயின் கணக்கில் அவர்கள் இனி இந்த நிலையத்தின் பயணிகள் இல்லை. மறுநாளிலிருந்து அவர்கள் நேரே பேருந்து நிறுத்தத்துக்குத்தான் போவார்கள். அதற்கு அடுத்த ஆண்டு, இந்த நிலையத்தில் டிக்கெட் விற்பனை குறைவு என்று ஒரு கோப்பில் எழுதப்படும். கூட்டம் இல்லாததால் வண்டி இல்லை என்கிறார்கள். வண்டி இல்லாததால் கூட்டம் இல்லை என்பதை யார் எழுதுவது?

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது நாடு முழுக்க ரயில்கள் நின்றன. அதை யாரும் குறை சொல்ல முடியாது. திரும்பி வந்த விதம்தான் வலித்தது. எக்ஸ்பிரஸ்கள் முதலில் வந்தன, பாசஞ்சர்கள் கடைசியில் வந்தன. வந்தவையும் 'சிறப்பு எக்ஸ்பிரஸ்' என்ற பெயரில் வந்தன. பெயர் மாறியதும் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாய் ஆனது. அதே பெட்டி, அதே வேகம், அதே லூப் லைன் காத்திருப்பு. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போய் இறங்கும் கூலித் தொழிலாளிக்கும் முப்பது ரூபாய்தான். பழைய கட்டணம் 2024 பிப்ரவரியில்தான் திரும்பியது. நான்கு ஆண்டுகளில் ஒரு பயணியின் பழக்கம் எப்படி மாறும் என்று சொல்லவே வேண்டாம். சிலர் தவணையில் இரண்டு சக்கர வண்டி வாங்கிவிட்டார்கள். சிலர் வேலையையே மாற்றிக்கொண்டார்கள். அதே காலத்தில்தான் மும்பை ஐ.ஐ.டி. உதவியோடு கால அட்டவணையை அடியிலிருந்து புதிதாக எழுதும் வேலையை ரயில்வே செய்தது. பயணிகள் குறைவான நிறுத்தங்களை நீக்குவது அதில் ஒரு முக்கிய அம்சம். எக்ஸ்பிரஸ் வேகம் கூடியது என்று அறிவித்தார்கள். எந்தச் சின்ன ஊர்களின் காலையிலிருந்து அந்த நிமிடங்கள் எடுக்கப்பட்டன என்று யாரும் அறிவிக்கவில்லை.

2023 ஆகஸ்டில் இன்னொன்று நடந்தது. மயிலாடுதுறை–திருச்சி, திருச்சி–கரூர், கரூர்–சேலம் என்று தனித்தனியாக ஓடிய வண்டிகளை இணைத்து, மயிலாடுதுறையிலிருந்து சேலம் வரை ஒரே மெமு (மின்தொடர் வண்டி) எக்ஸ்பிரஸ் ஆக்கினார்கள். கும்பகோணத்துக்காரர் கரூருக்கோ நாமக்கல்லுக்கோ வண்டி மாறாமல் போகலாம். அது நல்ல காரியம், வரவேற்கத்தான் வேண்டும். ஆனால் உள்ளூர் வண்டி ஒன்று தொலைதூர வண்டியாகும்போது அதன் குணமே மாறிவிடுகிறது. திருச்சியில் புறப்படும் வண்டி என்றால் திருச்சியில் நேரத்துக்குப் புறப்படும். மயிலாடுதுறையிலிருந்து வரும் வண்டி, வழியில் கும்பகோணம் பக்கத்து ஒற்றைப் பாதையில் எங்கே சிக்கினாலும், அந்தத் தாமதத்தையும் சுமந்துகொண்டுதான் குளித்தலைக்குப் போகும். நீண்ட வண்டியை விடுங்கள், கூடவே குட்டை வண்டியையும் விடுங்கள் என்பதுதான் இந்தத் தடத்துக்காரர்கள் கேட்பது. ஒன்றைக் கொடுத்து மற்றதை எடுத்துக்கொள்வதை எப்படி மேம்பாடு என்று ஏற்றுக்கொள்வது?

இனி ஸ்ரீரங்கம். 2025 மே 22 அன்று நாடு முழுக்க 103 நிலையங்களைப் பிரதமர் காணொலி வழியாகத் திறந்துவைத்தார். அம்ரித் பாரத் திட்டத்தில் புதுப்பிக்கப்பட்டவை அவை. தமிழ்நாட்டுக்கு ஒன்பது. பரங்கிமலை, சிதம்பரம், திருவண்ணாமலை, மன்னார்குடி எல்லாம் இருந்த அந்தப் பட்டியலில் ஸ்ரீரங்கமும் இடம்பெற்றது. நிலையத்தின் முகப்பைக் கோயில் பாணியில் எடுத்துக் கட்டியிருக்கிறார்கள். வைகுண்ட ஏகாதசிக்கு வெளியூரிலிருந்து வருகிற வயதானவர்களுக்கு நிழலும் உட்கார இடமும் தேவை, அதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஆனால் ஸ்ரீரங்கத்தில் குடியிருந்து தினமும் ஆற்றைத் தாண்டி வேலைக்குப் போகிறவருக்கு இந்த நிலையத்தால் என்ன மாறியது? அவர் இன்றைக்கும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில்தான் போகிறார்.

ஒன்றாம் நம்பர் பஸ்ஸைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் வழியாகச் சென்ட்ரல் பேருந்து நிலையத்துக்குப் போகும் வண்டி அது. அதற்கு யாரும் நேரம் பார்த்து வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை. போய் நின்றால் வரும், ஒன்று போனால் பின்னாலேயே இன்னொன்று வரும். அந்த நம்பிக்கையில்தான் ஸ்ரீரங்கத்து மாமி ஒருத்தர் பெரிய கடைவீதிக்குப் போய் வெற்றிலை வாங்கிக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்குள் திரும்பிவிடுகிறார். நகரப் பயணம் என்றால் இதுதான். வண்டியின் அழகும் வேகமும் பிறகு வருகிற சேதி. எத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை வருகிறது, சொன்னபடி வருகிறதா என்பதே முதல் கேள்வி. உள்ளூர் ரயிலையும் இந்தக் கேள்வியால்தான் அளக்க வேண்டும். கோடிகளை வைத்து அளக்கக்கூடாது. ஸ்ரீரங்கத்திலிருந்து ஜங்ஷனுக்கு நடுவில் டவுன், பொன்மலை என்று இரண்டே நிலையங்கள். இரட்டைப் பாதை, மின்சாரம், புது நிலையம் மூன்றும் தயாராக இருக்கின்றன. இதற்குமேல் எதற்காகக் காத்திருக்கிறோம்?

2022 செப்டம்பரில் காவிரிப் பாலத்தைப் பழுதுபார்க்க மூடத் தொடங்கினார்கள். ஸ்ரீரங்கத்தையும் சத்திரத்தையும் இணைக்கும், 1976-இல் திறந்த பாலம். 2023 மார்ச் வரை ஸ்ரீரங்கம் தீவே தவித்துப்போனது. ஓயாமரிப் பக்கம் சுற்றி, சென்னை புறவழிச்சாலை சுற்றி, பள்ளிப் பிள்ளைகள் ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பினார்கள். ஆற்றுக்குக் குறுக்கே ரயில் பாலம் அப்போதும் திடமாக நின்றுகொண்டிருந்தது. காலையும் மாலையும் அரை மணிக்கு ஒரு வண்டி என்று அந்த ஆறு மாதம் ஓட்டிப் பார்த்திருந்தால், உள்ளூர் ரயிலுக்கு இங்கே தேவை இருக்கிறதா இல்லையா என்ற வாதம் அப்போதே தீர்ந்திருக்கும். இப்படி ஒரு சோதனைக்கு வாய்ப்பு தானாக வந்து வாசலில் நின்றது. அதைத் தவறவிட்டதற்கு ரயில்வே மட்டும் பொறுப்பில்லை. கேட்க வேண்டிய மாநகராட்சியும் மாவட்ட நிர்வாகமும் உரத்துக் கேட்கவில்லை.

இந்தக் கேட்காத பழக்கம் பஞ்சப்பூரிலும் தெரிகிறது. நானூறு கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு மதுரைச் சாலையில் ஒருங்கிணைந்த பேருந்து முனையம் கட்டினார்கள். 2025 மே மாதம் முதலமைச்சர் திறந்துவைத்தார், ஜூலையில் பேருந்துகள் அங்கே மாறின. பெயரிலேயே 'ஒருங்கிணைந்த' என்று இருக்கிறது. ரயிலோடு ஒருங்கிணைக்க வேண்டும் என்று திட்டம் போடும்போதே யாராவது பிடிவாதமாக உட்கார்ந்திருக்க வேண்டாமா? சென்னையில் கிளாம்பாக்கம் கற்றுக்கொடுத்த பாடம் கண்முன்னே இருந்தது. அங்கே 2023 டிசம்பர் கடைசியில் பேருந்து முனையம் திறந்தது. தண்டவாளம் எதிர்ப்புறத்திலேயே ஓடியும், நிலையமும் நடைமேம்பாலமும் இல்லாமல் மூட்டை முடிச்சோடு மக்கள் ஊரப்பாக்கத்துக்கும் வண்டலூருக்கும் அலைந்தார்கள். முனையத்தை முதலில் கட்டிவிட்டு ரயிலைப் பிறகு யோசிப்பது நம் அரசுகளின் வழக்கமாகிவிட்டது.

மெட்ரோ வரப்போகிறது என்றும் ஒரு நம்பிக்கை இங்கே சில ஆண்டுகள் உலவியது. சமயபுரத்திலிருந்து ஸ்ரீரங்கம் வழியாக வயலூர், துவாக்குடியிலிருந்து ஜங்ஷன் வழியாகப் பஞ்சப்பூர் என இரண்டு வழித்தடங்கள், சுமார் 45 கி.மீ. ஆய்வு நடந்தது, செய்தி வந்தது, வரைபடம் வாட்ஸ்அப்பில் சுற்றியது. 2025 நவம்பரில் கோவை, மதுரை மெட்ரோ திட்டங்களையே மத்திய அரசு திருப்பி அனுப்பியது. 2017 மெட்ரோ கொள்கைப்படி 20 லட்சம் மக்கள்தொகை வேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. 2011 கணக்கெடுப்பில் திருச்சி நகரமும் சுற்றுப்புறமும் சேர்ந்த மக்கள்தொகை பத்து லட்சத்தைச் சற்றே தாண்டியது, அவ்வளவுதான். கோவைக்கே கிடைக்காதது திருச்சிக்கு எப்போது கிடைக்கும்? அந்தக் கொள்கை சரியா என்பது தனி விவாதம், தமிழ்நாடு அதை விடாமல் பேசத்தான் வேண்டும். 2025 மார்ச் பட்ஜெட்டில் மாநில அரசு அறிவித்த மித அதிவேக ரயில் ஆய்விலும் சென்னை–விழுப்புரம், சென்னை–வேலூர், கோவை–சேலம் தடங்கள்தான் இருந்தன. மெட்ரோவைக் காட்டி, கையில் இருக்கும் ரயிலைக் கேட்க மறந்துவிட்டோம் என்பதுதான் எனக்கு உறைக்கிறது.

புதிதாகப் போடும் உள்ளூர் ரயில் திட்டங்கள் எந்த வேகத்தில் போகின்றன என்பதையும் பார்க்கத்தான் வேண்டும். பெங்களூரு புறநகர் ரயில், 148 கி.மீ., 15,767 கோடி ரூபாய். 2022 ஜூனில் அடிக்கல் நாட்டியபோது 40 மாதத்தில் முடியும் என்றார்கள். அந்தக் கெடு 2025-இல் கடந்துவிட்டது, வண்டி ஓடவில்லை. நம் சென்னையில் வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு ஐந்தே கிலோமீட்டர் பறக்கும் ரயில். 2008-இல் தொடங்கிய வேலை. கடைசி அரை கிலோமீட்டர் நிலச் சிக்கலில் மாட்டி, ஆதம்பாக்கத்துக்காரர்களின் பிள்ளைகள் பள்ளியில் சேர்ந்து கல்லூரிக்குப் போகும்வரை தூண்கள் அப்படியே நின்றன. நிலம் எடுப்பதில் மாநிலம் தாமதிக்கிறது என்று ரயில்வே சொல்கிறது. தமிழ்நாட்டுத் திட்டங்களுக்குத் தேவையான நிலத்தில் கால்பங்கு அளவே கிடைத்திருக்கிறது என்று ரயில்வே அமைச்சர் நாடாளுமன்றத்திலேயே சொல்லியிருக்கிறார். பணம் ஒதுக்காமல் திட்டம் எப்படி நகரும் என்று மாநிலம் கேட்கிறது. திட்டவாரியாக நிதி ஒதுக்கீட்டைச் சொல்லும் ரயில்வேயின் பிங்க் புத்தகத்தில் தமிழ்நாட்டுத் திட்டங்கள் சிலவற்றுக்கு வெறும் ஆயிரம் ரூபாய் என்று போட்டிருந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு.

திருச்சிக்குள்ளேயே இந்த இழுபறிக்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம். ஜங்ஷன் மேம்பாலத்தின் கடைசிக் கை, ஒரு ஏக்கருக்கும் குறைவான ராணுவ நிலத்துக்காக ஆண்டுக்கணக்கில் அந்தரத்தில் நின்றது. கோட்டை நிலையத்தையொட்டி, மாரிஸ் தியேட்டர் பக்கம், 1866-இல் கட்டிய ரயில்வே மேம்பாலத்தை இடித்துப் புதிதாகக் கட்டும் வேலையில் மாநகராட்சிக்கு ஒரு பகுதி, ரயில்வேக்கு ஒரு பகுதி. பாலம் வரும்வரை சாலை ரோட்டுக் கடைக்காரர்கள் வியாபாரம் இழந்து உட்கார்ந்திருந்தார்கள்.

ஆனால் நான் கேட்கும் உள்ளூர் ரயிலுக்கு ஒரு சென்ட் நிலம் எடுக்க வேண்டாம். அடிக்கல் வேண்டாம். லால்குடியிலிருந்து ஸ்ரீரங்கம், ஜங்ஷன் வழியாக மணப்பாறைக்கு, முழுக்க இரட்டைப் பாதையிலேயே போகலாம். தஞ்சாவூரிலிருந்து திருவெறும்பூர் வழியாக ஜங்ஷன் வந்து, அப்படியே கோட்டை, ஜீயபுரம், குளித்தலை போகலாம். மெமு வண்டிக்கு இரண்டு முனையிலும் ஓட்டும் அறை உண்டு. எஞ்சினைக் கழற்றி மறுபக்கம் மாட்டுகிற வேலை இல்லாததால் கடைசி நிலையத்தில் சில நிமிடத்தில் திரும்பிவிடும். நிறுத்தி நிறுத்திப் போகும் தடத்துக்காகவே வடிவமைத்த வண்டி அது, நின்ற இடத்திலிருந்து சட்டென்று வேகம் பிடிக்கும். அதைக் கட்டும் பெரம்பூர் ஐ.சி.எஃப். நம் மாநிலத்திலேயே 1955-லிருந்து இருக்கிறது. காலை ஏழிலிருந்து ஒன்பதரை, மாலை ஐந்திலிருந்து எட்டரை. இந்த இரண்டு வேளையிலும் வண்டி தொடர்ந்து வந்தால் போதும், மற்ற நேரம் எக்ஸ்பிரஸுக்கும் கூட்ஸுக்கும் இருக்கட்டும்.

ரயில்வே இதற்குச் சொல்லும் பதில்களைத் தள்ளிவிடவும் முடியாது. பயணிகள் போக்குவரத்தில், அதிலும் பாசஞ்சர் வண்டிகளில், போட்ட காசு திரும்புவதில்லை. சரக்குப் போக்குவரத்தில் வருவதைக் கொண்டுதான் அதை ஈடுகட்டுகிறார்கள். லோகோ பைலட் பற்றாக்குறை நாடறிந்த விஷயம், ஓய்வு நேரம் கேட்டு அவர்களே போராடிக்கொண்டிருக்கிறார்கள். ஜங்ஷன் நடைமேடைகள் காலையில் நிறைந்திருக்கின்றன. எல்லாம் சரி. நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று 2021-இல் மாநில அரசு முடிவெடுத்தபோதும் நட்டக்கணக்கு இருந்தது. அந்த நட்டத்தை அரசு ஏற்றுக்கொண்டது, பெண்கள் வேலைக்குப் போவது அதைவிடப் பெரிது என்று கருதியது. உள்ளூர் ரயிலின் நட்டத்தை மத்திய அரசும் மாநில அரசும் பங்கிட்டுக்கொள்வது பற்றி ஒருமுறையாவது மேசையில் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்.

முக்கொம்பில் 2018 ஆகஸ்ட் 22 இரவு நடந்தது நினைவிருக்கும். ஆர்தர் காட்டன் 1836-இல் தொடங்கிக் கட்டிய மேலணையில், கொள்ளிடத்துப் பக்கம் ஒன்பது மதகுகள் வெள்ளத்தோடு போயின. மறுநாளே அமைச்சர்கள் வந்தார்கள், பொறியாளர்கள் வந்தார்கள், இரவு பகலாக மணல் மூட்டை அடுக்கினார்கள். 387 கோடி ரூபாய் ஒதுக்கி, பழைய அணைக்குக் கீழே புதிய கதவணையே கட்டிவிட்டார்கள். டெல்டாவின் தண்ணீர் என்றால் அரசு நகர்கிறது, நகர முடியும் என்பதற்கு அதே இடத்தில் சாட்சி நிற்கிறது. தினம் கொஞ்சமாக நடக்கும் சேதத்துக்கு அந்த வேகம் வருவதில்லை. படியில் தொங்கிய பையன் ஒருவன் விழுந்தால் அன்றைக்கு மட்டும் செய்தி. ஒரு பெண் பிள்ளை 'பஸ் கூட்டம் ஒத்துக்கலம்மா' என்று கல்லூரியை நிறுத்தினால் அது செய்தியே இல்லை.

இந்தத் தடத்தில் சாதாரணமாகக் காணக்கூடிய ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும். சின்ன நிலையங்களின் நடைமேடை தாழ்வானது, சில இடங்களில் ஜல்லி மேட்டைவிடக் கொஞ்சம்தான் உயரம். பெட்டியின் முதல் படியே இடுப்பளவில் இருக்கும். பூக்கூடையோடு வரும் அம்மா கூடையை முதலில் மேலே தள்ளுவார், பிறகு இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, முட்டியை முதல் படியில் ஊன்றி ஏறுவார். உள்ளே இருப்பவர் ஒருவர் "கையக் குடும்மா" என்று மணிக்கட்டைப் பிடித்து இழுப்பார். வண்டி அங்கே நிற்பது ஒரு நிமிடம். அவர் பெட்டியின் தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கி, முட்டியில் ஒட்டிய கரியைத் துடைப்பதற்குள் அடுத்த நிலையம் வந்துவிடும். நடைமேடையை இரண்டடி உயர்த்துவதற்கு எந்த அமைச்சரும் வந்து ரிப்பன் வெட்டப் போவதில்லை. ஆனால் அந்த அம்மாவுக்கு ரயில்வே மேம்பாடு என்றால் அந்த இரண்டடிதான்.

திருச்சி–கரூர்–ஈரோடு இரட்டைப் பாதை என்பது பல ஆண்டுக் கோரிக்கை. ஆய்வு என்ற கட்டத்தில் அது ஊர்ந்துகொண்டிருக்கிறது. என்றாவது ஒருநாள் வரும். அப்போது இந்த ஊர்க்காரர்கள் விழிப்பாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பாதை இரட்டையாகும்போது வளைவுகளை நேர்செய்வார்கள், லெவல் கிராசிங்குகளை மூடுவார்கள், வேகத்தைக் கூட்டுவார்கள். அந்த வேலையோடு வேலையாக, டிக்கெட் விற்காத நிலையம் என்று எலமனூரையோ முத்தரசநல்லூரையோ வரைபடத்திலிருந்தே எடுத்துவிடலாம். கிராசிங் மூடிய இடத்தில் சுரங்கப்பாதை வெட்டி, மழைக்காலத்தில் அதில் இடுப்பளவு தண்ணீர் நிற்பதைத் தமிழ்நாடு முழுக்கப் பார்த்துவருகிறோம். உய்யக்கொண்டானுக்கும் காவிரிக்கும் நடுவே, ஊற்றெடுக்கும் மண்ணில், அப்படிச் சுரங்கப்பாதை தோண்டினால் என்ன ஆகும் என்று இங்கே வாழை போடுகிற எவரைக் கேட்டாலும் சொல்வார்.

ஆகவே ரயில் பயணிகள் ஆலோசனைக் குழுவில் இருப்பவர்களும், ஊராட்சித் தலைவர்களும், நாடாளுமன்ற உறுப்பினரும் இப்போதே எழுதிக் கேட்க வேண்டியவை உண்டு. இரட்டைப் பாதைத் திட்ட அறிக்கையில் ஒவ்வொரு சின்ன நிலையத்துக்கும் உயர்நடைமேடை எழுதப்பட்டிருக்கிறதா? பெட்டவாய்த்தலையிலிருந்தோ குளித்தலையிலிருந்தோ உள்ளூர் வண்டி திரும்புவதற்குத் தனி லூப் இருக்கிறதா? முக்கொம்புக்கு ஆடிப்பெருக்கன்றும் ஞாயிற்றுக்கிழமையும் வரும் கூட்டத்துக்கு ஜீயபுரத்தில் இறங்கி நடக்க ஒரு பாதுகாப்பான பாதை உண்டா? அதற்கு முன்னால், அடுத்த கால அட்டவணையிலேயே, காலை எட்டரை மணிக்குள் கோட்டை நிலையத்தில் கொண்டுவந்து இறக்கும் ஒரு வண்டியும் மாலை ஆறு மணிக்கு மேல் திருப்பி அழைத்துப் போகும் ஒரு வண்டியும் இந்தத் தடத்துக்கென்றே தனியாக ஓடுமா? இதற்கு டெண்டர் தேவையில்லை. கோட்ட அலுவலகத்தில் ஒரு கையெழுத்தும், திருச்சி யார்டில் ஒரு மெமு ரேக்கும் போதும்.